எண்ணிக்கைக் கணக்கில் விடை தப்புகிறதா? எவ்வளவு தப்பியது என்று பாருங்கள்

எத்தனை விதமாக அடுக்கலாம், எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணுகிற வரிசை மாற்றம், சேர்வு பாடத்தில் ஒரு வசதி உண்டு. விடை தப்பினால், அது எவ்வளவு தப்பியது என்பதை வைத்தே என்ன தப்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அல்ஜீப்ராவில் இப்படி நடக்காது, அங்கே ஒரு மைனஸ் எங்கே தொலைந்தது என்று ஏழு வரி மேலே போய்த் தேட வேண்டும். இங்கே உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள், வகுபடாவிட்டால் கழித்துப் பாருங்கள். விடைப் பட்டியல் கையில் இல்லையா, கணக்கில் உள்ள எண்களை விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குச் சுருக்கி, எல்லாவற்றையும் கையாலேயே எழுதிப் பார்த்து, உங்கள் முறை அதே எண்ணிக்கையைத் தருகிறதா என்று பாருங்கள்.

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு நிபந்தனைதான். நீங்கள் எண்ண நினைக்கிற ஒவ்வொன்றும் உங்கள் செய்முறையில் சரியாக ஒரு தடவை வர வேண்டும். எதுவும் விடுபடக் கூடாது, எதுவும் இரண்டாம் தடவை தலைகாட்டக் கூடாது. சூத்திரம் எது என்று தேடுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை, அதனால்தான் பத்துச் சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்தும் பதினோராவது கணக்கில் நிற்கிறார்கள்.

நான் பாடம் எடுப்பது செங்கோட்டைப் பக்கம். புளியரையிலிருந்தும் வருவார்கள், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்தும் வருவார்கள். ஒருவன் சார் என்பான், இன்னொருவன் மாஷே என்பான், பாடத்திட்டம் வேறு, புத்தகம் வேறு, ஆனால் இந்தப் பாடத்தில் செய்கிற தப்பு மட்டும் ரெண்டு மாநிலத்துக்கும் பொது. உதாரணங்கள் எல்லாம் இந்த வட்டாரத்திலிருந்தே எடுத்தவை.

அறிகுறி: விடை ரொம்பச் சின்னதாக வருகிறது

பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருப்பீர்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு வர பஸ், ரயில், ஷேர் ஆட்டோ என்று மூன்று வழி, செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில், கேரள பஸ் என்று இரண்டு வழி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை விதமாகப் போகலாம்? 5 என்று எழுதினால் தப்பு, 3 × 2 = 6. இதோடு தென்காசியில் ஏறினால் புனலூரில்தான் இறங்குவேன் என்கிற நேர் பஸ் ஒன்றும் இருந்தால் 6 + 1 = 7.

எங்கே பெருக்குவது, எங்கே கூட்டுவது என்பதற்குக் கேள்வியில் 'மற்றும்', 'அல்லது' எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'வகுப்பில் 12 மாணவர்களும் 15 மாணவிகளும் இருக்கிறார்கள், ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்றால் இரண்டு 'உம்' இருக்கிறது, ஆனாலும் அது 27தான், 180 இல்லை. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் காரியம் முடிந்ததா? நேர் பஸ்ஸில் ஏறினால் முடிந்தது, அதனால் அது தனியாகக் கூட்டலில் வரும். ஷேர் ஆட்டோவில் ஏறினால் செங்கோட்டை வரைக்கும்தான், இன்னும் ஒரு தேர்வு பாக்கி, அதனால் பெருக்கல்.

இரண்டு விதியும் ஒன்றாக வேலை செய்வதை எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறோம். உயிர் 12, மெய் 18. ஒரு மெய்யை எடுத்து, அப்புறம் அதன்மேல் ஓர் உயிரை ஏற்றினால்தான் உயிர்மெய், ஆகவே 12 × 18 = 216. உயிர் தனியாகவே முழு எழுத்து, மெய்யும் அப்படித்தான், ஆய்தம் ஒன்று. 12 + 18 + 216 + 1 = 247.

அறிகுறி: விடை சரியாக 2 மடங்கு, 6 மடங்கு, 24 மடங்கு, 120 மடங்கு

இது அடிக்கடி வருகிற கேஸ். 2, 6, 24, 120 எல்லாம் 2!, 3!, 4!, 5! என்பதால் (5! என்றால் 5 × 4 × 3 × 2 × 1, ஐந்து பொருளை வரிசையாக அடுக்குகிற வழிகள்), எதையோ வரிசைப்படுத்தக் கூடாத இடத்தில் வரிசைப்படுத்தி எண்ணிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதே அளவு சின்னதாக வந்தால் தலைகீழ், வரிசை முக்கியமான இடத்தில் அதை விட்டுவிட்டீர்கள்.

ரயில் பாதையில் பாருங்கள். செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, இடமண், புனலூர் என்று ஆறு நிலையங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். எங்கிருந்து எங்கே என்று அச்சடித்த டிக்கெட் எத்தனை வகை வேண்டும்? ஏறும் இடம் 6, இறங்கும் இடம் மீதி 5, மொத்தம் 30. இப்போது இந்த நிலையங்களுக்கு இடையே உள்ள தூரங்களை ஒரு அட்டவணையாகப் போட எத்தனை எண்கள் வேண்டும்? செங்கோட்டையிலிருந்து புனலூர் எவ்வளவோ அவ்வளவுதான் புனலூரிலிருந்து செங்கோட்டை, அதனால் 15. நிலையங்கள் மாறவில்லை, பாதை மாறவில்லை, கேட்ட பொருள் மாறிவிட்டது.

சோதனை சுலபம். நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டை இடம் மாற்றிப் பாருங்கள். கையில் இருக்கிற பொருள் வேறாகிவிட்டதா, அதேதானா? வேறானால் வரிசை கணக்கில் உண்டு. அதேதான் என்றால் வகுத்துவிடுங்கள்.

இந்த 24 என்ற எண்ணை வைத்துப் பழைய கணக்கு இரண்டு இருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் பளிச்சென்று புரியும். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வாசனைத் திரவியம் கலப்பதைப் பற்றி எழுதும்போது, 16 பொருள்களிலிருந்து நான்கு நான்காக எடுத்தால் 1820 கலவை என்று சொல்கிறார். நம் பிள்ளைகள் போடுகிற விடை 16 × 15 × 14 × 13 = 43680. வகுத்துப் பாருங்கள், சரியாக 24 மடங்கு. சந்தனத்தை முதலில் போட்டு அகிலை அப்புறம் போட்டாலும், அகிலை முதலில் போட்டாலும் கிண்ணத்தில் இருப்பது ஒரே கலவை. நான்கு பொருளைப் போடுகிற 24 வரிசையும் ஒரே வாசனையில் போய் முடிகின்றன, அதனால் 24-ஆல் வகுக்க வேண்டும். (நான்கும் சம அளவு இல்லை, ஒன்று ஒரு பங்கு, ஒன்று இரண்டு, மூன்று, நான்கு பங்கு என்று நீங்கள் கேள்வியை மாற்றினால் அந்த 24 திரும்ப உள்ளே வந்துவிடும், 43680தான் சரி.)

இரண்டாவது, பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியில் வருவது. திருமாலின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை நான்கையும் மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை வடிவம்? 4 × 3 × 2 × 1 = 24. இங்கே 24-ஆல் வகுத்தால் 1 வரும், எல்லா மூர்த்தியும் ஒன்றாகிவிடும். மேல் வலது கை வேறு, கீழ் இடது கை வேறு, கைக்குக் கை பெயர் இருக்கிறது, ஆகவே சங்கும் சக்கரமும் இடம் மாறினால் வடிவமும் மாறும். கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் 24 மூர்த்திகளைப் பிரித்துக் காட்டுவதே இந்த ஆயுத வரிசைதான். அதே கேள்வியில் பத்துக் கை சிவனையும் கேட்கிறார், அது 10!, அதாவது 36,28,800. கிண்ணத்துக்குள் இடம் இல்லை, கைகளில் இடம் உண்டு. உங்கள் கணக்கு கிண்ணமா கையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இதிலேயே ஒளிந்திருக்கிற ஒரு வகை உண்டு, பிள்ளைகள் ரொம்ப நேரம் சண்டை போடுவது இதில்தான். ஆறு பேரை இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடியாகப் பிரிக்க வேண்டும். முதல் ஜோடிக்கு 15 வழி, அடுத்ததற்கு மீதி நாலு பேரில் 6, கடைசிக்கு 1, மொத்தம் 90 என்று போடுவார்கள். ஜோடிக்குள் வரிசை பார்க்கவே இல்லையே சார் என்று நியாயமும் கேட்பார்கள். சரிதான், ஜோடிக்குள் பார்க்கவில்லை, ஆனால் ஜோடிகளுக்கு முதல், இரண்டாவது, மூன்றாவது என்று பேர் வைத்துவிட்டீர்கள். கேள்வி அப்படிச் சொல்லவில்லை. 90 ÷ 6 = 15. ஆனால் ஒரு ஜோடி பேரருவிக்கு, ஒரு ஜோடி ஐந்தருவிக்கு, ஒரு ஜோடி பழைய குற்றாலத்துக்கு என்றால் 90-ஏ சரி, ஏனென்றால் இப்போது ஜோடிகளுக்கு உண்மையிலேயே பேர் வந்துவிட்டது.

அறிகுறி: எழுத்துகளை மாற்றி அடுக்குகிற கணக்கில் இரண்டு மடங்கு வருகிறது

மடங்கு மேலே சொன்னதுதான், காரணம் வேறு. ஒரே மாதிரி எழுத்து இரண்டு இருக்கிறது, கவனிக்கவில்லை. 'மாம்பழம்' என்ற சொல்லில் மா, ம், ப, ழ, ம் என்று ஐந்து எழுத்து. 5! = 120 என்று போட்டால் ம் இரண்டையும் வேறு வேறாக எண்ணிவிட்டீர்கள். ஒரு ம்-ஐ சிவப்பு மையிலும் இன்னொன்றை நீல மையிலும் எழுதி அடுக்கிப் பாருங்கள், பிறகு எல்லாவற்றையும் கறுப்பாக்கினால் இரண்டிரண்டு அடுக்கு ஒன்றாகிவிடும். 120 ÷ 2 = 60.

ஒரு கூடுதல் நிபந்தனை போட்டால் இந்தக் கணக்கு இன்னும் சுவையாகும். தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது, ழகரமும் சொல்லுக்கு முதலில் வராது. அந்த விதிக்கு உட்பட்டு எத்தனை? முதல் இடம் மா அல்லது ப மட்டும்தான். எதை வைத்தாலும் பின்னால் மிச்சம் நான்கு எழுத்து, அதில் ம் இரண்டு, 4! ÷ 2 = 12. ஆக 24. சரிபார்க்க வேண்டுமா, ம் முதலில் வருபவை 4! = 24 (இன்னொரு ம் பின்னால் தனியாகத்தான் இருக்கிறது, அதனால் வகுக்கக் கூடாது), ழ முதலில் வருபவை 12. 24 + 24 + 12 = 60, கணக்கு நேராகிவிட்டது. இப்படிப் பங்கு பிரித்துக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுகிற பழக்கம் வந்துவிட்டால் விடைப் பட்டியலே தேவைப்படாது.

அறிகுறி: வட்ட மேசைக் கணக்கில் ஆட்களின் எண்ணிக்கை மடங்கு அதிகம்

ஐந்து பேர் வட்டமாக உட்கார 120 என்று போட்டிருப்பீர்கள், விடை 24. எல்லோரும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மாறுவதில்லை. ஒருவரை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் அடுக்குங்கள். பூமாலை, மணிமாலை என்றால் திருப்பிப் போடலாம் என்பதால் இன்னும் ஒரு 2-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: விடை அதிகம், ஆனால் மடங்காக இல்லை

இதுதான் கஷ்டமானது, இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடை ஆனது, கேரளத்தில் 1967-லிருந்து அரசே நடத்துகிறது, அதனால் மலை தாண்டினால் லாட்டரிக் கடைதான் முதலில் கண்ணில் படும். வாங்கச் சொல்லவில்லை, எண்ணச் சொல்கிறேன். சீட்டின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பாருங்கள், 000 முதல் 999 வரை 1000 வகை. இதில் ஓர் இடத்திலாவது 7 இருப்பவை எத்தனை?

"மூணு இடம் இருக்கு மாஷே. அதுல ஏதாவது ஒரு இடத்துல 7 வைக்கணும், அது மூணு வழி. மீதி ரெண்டு இடத்துலயும் என்ன வேணா வரலாம், பத்துப் பத்து. முந்நூறு."

"சரிடே. 717 உன் கணக்குல எத்தனை தடவை வந்துச்சு?"

முதல் இடத்தில் 7 வைத்து மீதியில் 17 வந்தபோது ஒரு தடவை, கடைசி இடத்தில் 7 வைத்து மீதியில் 71 வந்தபோது இன்னொரு தடவை. 777 மூன்று தடவை. இங்கேதான் நிபந்தனை உடைகிறது, ஆனால் எல்லா எண்ணுக்கும் ஒரே அளவில் உடையவில்லை. 175 ஒரே தடவைதான் வந்தது. அதனால்தான் எதனால் வகுத்தாலும் சரியாகாது.

சரியான விடை 271. 7-ஏ இல்லாதவை 9 × 9 × 9 = 729, அதை 1000-இல் கழித்தால் 271. முந்நூறில் கூடுதலாக வந்த 29 எங்கே போனது என்று பார்த்துவிடுவோம், இல்லையென்றால் மனசு ஆறாது. சரியாக இரண்டு 7 உள்ளவை 3 × 9 = 27, ஒவ்வொன்றும் ஒரு தடவை அதிகமாக வந்தது, 27. 777 இரண்டு தடவை அதிகம். 27 + 2 = 29. அதே விடைக்கு நேராகவும் வரலாம்: முதல் இடத்தில் 7 உள்ளவை 100, நடுவில் 100, கடைசியில் 100, சேர்த்தால் 300, இரண்டு இடத்தில் சேர்ந்து வருபவை 10, 10, 10, அதைக் கழித்தால் 270, 777-ஐ மூன்று தடவை சேர்த்து மூன்று தடவை நீக்கிவிட்டோம், பாவம் அது கணக்கிலேயே இல்லை, ஒன்றைத் திரும்பச் சேர்த்தால் 271. சேர்த்து நீக்குகிற கொள்கை என்று புத்தகத்தில் வருவது இதுதான்.

'ஆவது', 'குறைந்தது ஒன்று' என்று கேள்வியில் பார்த்தாலே எதிர்ப்பக்கத்தை எண்ணி மொத்தத்திலிருந்து கழியுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் சின்ன வழி. முழுச் சீட்டுக்கும் இது ஓடும். ஒரு தொடரில் எண் 100000 முதல் 999999 வரை என்று வைத்துக்கொண்டால் 9 லட்சம் சீட்டு. எந்த இலக்கமும் திரும்ப வராத எண்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் தேடுகிறவர்கள் உண்டு. அவை 9 × 9 × 8 × 7 × 6 × 5 = 1,36,080. மீதி 7,63,920 சீட்டில் ஏதாவது ஓர் இலக்கம் திரும்ப வரும். அதை நேராக எண்ணப் போனால், எந்த இலக்கம், எத்தனை தடவை, எந்தெந்த இடம் என்று இரவு முழுக்க உட்கார வேண்டும், கழித்தால் ஒரு வரி. (தேடி எடுத்த சீட்டுக்கும் தேடாமல் எடுத்த சீட்டுக்கும் முதல் பரிசு விழுகிற வாய்ப்பு ஒன்றுதான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

இதே நோய் குழு அமைக்கிற கணக்கில் வந்தால் அறிகுறி இன்னும் அப்பட்டமாக இருக்கும், விடை மொத்தத்தையே தாண்டிவிடும். ஆரியங்காவு ஐயப்பன் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக வருவது வழக்கம். பெண் வீட்டார் 5 பேர், மாப்பிள்ளை வீட்டார் 4 பேர் பேச உட்கார்ந்திருக்கிறார்கள், மூன்று பேர் குழு வேண்டும், அதில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவராவது இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை முதலில் எடுத்துவிடு, 4 வழி, மீதி எட்டுப் பேரில் இரண்டு பேர், 28 வழி, ஆக 112 என்று போடுவார்கள். ஒன்பது பேரில் எந்த நிபந்தனையும் இல்லாமல் மூன்று பேரை எடுப்பதே 84 வழிதான்! நிபந்தனை போட்டால் எண்ணிக்கை குறையுமா கூடுமா? மாப்பிள்ளை வீட்டார் யாருமே இல்லாத குழு, ஐந்தில் மூன்று, 10. விடை 74. 112-இல் மாப்பிள்ளை வீட்டார் இருவர் இருக்கும் 30 குழுவும் இரண்டு தடவை, மூவரும் அவர்களே ஆன 4 குழுவும் மூன்று தடவை வந்திருக்கின்றன: 40 + 60 + 12.

அறிகுறி: விடை பின்னத்தில் வருகிறது

10.67 வழி என்று ஒன்று கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அதை 11 என்று எழுதிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சிப்ஸ் கடையில் நேந்திரங்காய், சக்கை, மரச்சீனி, சர்க்கரை வரட்டி என்று நான்கு வகை. மூன்று பாக்கெட் வாங்க வேண்டும், ஒரே வகையைத் திரும்ப வாங்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நான்கு வழி, 4 × 4 × 4 = 64, பைக்குள் போட்டபின் வரிசை இல்லை, ஆகவே 3!-ஆல் வகு, 64 ÷ 6. இங்கே மாட்டிக்கொள்வார்கள். மூன்றும் வேறு வகையானால் ஒரு பைக்கு ஆறு வரிசை உண்டு, உண்மை. மூன்றும் நேந்திரங்காய் என்றால்? ஒரே வரிசைதான். அதையும் ஆறால் வகுத்தது அநியாயம். வகுத்தல் எப்போது செல்லும் என்றால், ஒவ்வொரு முடிவும் அதே எண்ணிக்கையில் திரும்ப வரும்போது மட்டும்.

பிரித்து எண்ணினால்: மூன்றும் ஒரே வகை 4, இரண்டு ஒரு வகை ஒன்று வேறு வகை 4 × 3 = 12, மூன்றும் வேறு வேறு 4. மொத்தம் 20. (பழைய 64-உம் சரியாக வருகிறதா பாருங்கள்: 4 × 1 + 12 × 3 + 4 × 6.) பத்துப் பாக்கெட் என்றால் இப்படிப் பிரிப்பது கட்டுப்படியாகாது. அதற்கு ஒரு வழி: பாக்கெட்டுகளை வரிசையாக வைத்து, வகைக்கும் வகைக்கும் நடுவில் ஒரு குச்சி வையுங்கள். நான்கு வகைக்கு மூன்று குச்சி. மூன்று பாக்கெட், மூன்று குச்சி, ஆறு இடம், அதில் குச்சிகளுக்கு மூன்று இடம் தேர்ந்தெடுத்தால் 20. பத்துப் பாக்கெட்டுக்கு 13 இடத்தில் மூன்று, 286. ஒரு வகையை வாங்கவே இல்லை என்றால் இரண்டு குச்சி ஒட்டி நிற்கும், அதுவும் கணக்கில் வந்துவிடுகிறது.

அறிகுறி: பாதியில் நின்றுவிடுகிறது, அடுத்த இடத்துக்கு எத்தனை வழி என்று சொல்ல முடியவில்லை

இலக்கம் திரும்ப வராத நான்கு இலக்க இரட்டை எண்கள் எத்தனை? இடமிருந்து போனால் முதல் இடம் 9 (0 கூடாது), அடுத்தது 9, அடுத்தது 8, கடைசி இடம்? இதற்குள் இரட்டை இலக்கம் எத்தனை செலவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இது முன்னால் எடுத்ததைப் பொறுத்து மாறும் என்றால் பெருக்கல் விதி அந்த இடத்தில் செல்லாது. பெருக்கல் விதி கேட்பது, முன்னால் எதை எடுத்திருந்தாலும் இப்போது கையில் இருக்கும் வழிகளின் எண்ணிக்கை அதேயாக இருக்க வேண்டும் என்று. எது எது என்பது மாறலாம், எத்தனை என்பது மாறக் கூடாது.

கட்டுப்பாடு அதிகம் உள்ள இடத்திலிருந்து தொடங்குங்கள், கடைசி இடம். அங்கே 5 வழி, முன்னால் உள்ள மூன்று இடத்துக்கு 9 × 8 × 7, ஆக 2520 என்று அவசரப்படாதீர்கள், அதில் 0-இல் தொடங்குபவை 4 × 8 × 7 = 224 புகுந்திருக்கின்றன. 2520 − 224 = 2296. அல்லது தொல்லை கொடுக்கிற 0-ஐ வைத்தே இரண்டாகப் பிரியுங்கள்: கடைசியில் 0 என்றால் 9 × 8 × 7 = 504; கடைசியில் 2, 4, 6, 8 என்றால் முதல் இடத்துக்கு 8, பிறகு 8, 7, அதாவது 4 × 8 × 8 × 7 = 1792. கூட்டினால் அதே 2296.

அறிகுறி: ஒன்றே ஒன்று கூட, அல்லது குறைய

கழுதுருட்டிப் பக்கம் ரயில் போகிற பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். கண் 13, ஆனால் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் நிற்கிற தூண் 12, இரண்டு முனையும் கரையில் தாங்கியிருக்கிறது. கேள்வி கண்ணைக் கேட்கிறதா தூணைக் கேட்கிறதா? 38 முதல் 75 வரை எத்தனை எண்கள் என்றால் 75 − 38 = 37 என்று எழுதுபவர் இடைவெளிகளை எண்ணுகிறார், எண்கள் 38.

முன்னால் வருகிற பூஜ்யமும் இந்த வகைத் தொல்லைதான், விட்டால் ஆயிரக்கணக்கில் இழுத்துவிடும். நான்கு இலக்க எண்கள் 9000, ஏனென்றால் 0-இல் தொடங்கக் கூடாது. ஏடிஎம் ரகசிய எண் 10,000, அங்கே 0047-உம் செல்லும். வண்டி நம்பர் பிளேட்டில் எழுத்துக்குப் பின்னால் வருவது 0001 முதல் 9999 வரை, 9999, அது தென்காசி டிஎன் 76 ஆனாலும் புனலூர் கேஎல் 25 ஆனாலும். லாட்டரியின் ஆறு இலக்கம் முழுசாக 100000-இல் தொடங்கினாலும் அதன் கடைசி நான்கு இலக்கம் 0000-ஆக இருக்கலாம். முன்னால் உள்ள இரண்டு இலக்கம் 10 முதல் 99 வரை என்பதால் கடைசி நான்கு இலக்கம் ஒத்துப்போகிற சீட்டு ஒரு தொடரில் 90, பன்னிரண்டு தொடர் இருந்தால் 1080.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் விடைப் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை

அப்போது கேள்வியைச் சந்தேகப்படலாம், தப்பில்லை. மூன்று ஜோடிக்குப் பேர் உண்டா, 0-இல் தொடங்கலாமா, ஒரே வகையைத் திரும்ப எடுக்கலாமா, யாரையும் எடுக்காமல் விடுவதும் ஒரு வழிதானா என்று சொல்லாமலே கேள்வி போடுகிற கைடுகள் இரண்டு பக்கமும் நிறைய இருக்கின்றன. பட்டியல் 90 என்கிறது, நீங்கள் 15 என்கிறீர்கள் என்றால், எந்த அனுமானத்தில் 90 வரும் என்று பின்னாலிருந்து தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். பரீட்சையில் என்றால், ஜோடிகளுக்குப் பெயர் இல்லை என்று கொள்கிறேன் என்பது போல நீங்கள் எடுத்துக்கொண்டதை முதல் வரியில் எழுதிவிட்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள்.